கார்புரேட்டர் ஜெட்டின் அடைப்பும் அதற்கு எளிய வைத்தியமும்

சில வாரங்கள் வாசலில் ஓய்ந்து நின்ற மோட்டார் சைக்கிள், வேலைக்குப் புறப்பட வேண்டிய காலையில் எத்தனை உதைத்தாலும் கிளம்ப மறுப்பதும், சோக் போட்டு ஒருவாறு கிளப்பிய பிறகு சோக்கை எடுத்த மறுகணமே அணைந்துவிடுவதும், இரு சக்கர வாகனத்தை நம்பி ஜீவனம் நடத்தும் நம் நாட்டுக் குடும்பங்களுக்குப் பழகிப்போன சங்கடங்கள். பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்ததிலிருந்து புதிய வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டரைக் கைவிட்டுவிட்டன என்பது உண்மையே. எனினும் அதற்கு முன் விற்பனையான கோடிக்கணக்கான வண்டிகள் இன்னும் பால்கேனையும் மீன்கூடையையும் செய்தித்தாள் கட்டையும் சுமந்து ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்களுக்கு ஒரு நாள் வண்டி ஓடாவிட்டால் ஒரு நாள் வருமானம் நஷ்டம். அத்தகையவர்களை உத்தேசித்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மேற்சொன்ன வியாதியின் மூலம், பெரும்பாலும், பித்தளையால் ஆன ஒரு சிறு திருகின் நடுவே ஊடுருவிச் செல்லும் துவாரமொன்றில் இருக்கிறது. அந்தத் துவாரத்தைச் சுத்தம் செய்வதற்கு விலையுயர்ந்த சாதனங்களோ, கடையில் விற்கும் தெளிப்பு மருந்துகளோ அத்தியாவசியம் அல்ல. ஆனால் துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பதார்த்தம் எத்தகையது என்பதை அறிந்து, அதற்கு உரியதைப் பிரயோகிக்க வேண்டும். அந்த அறிவு வாய்க்காதவன் எவ்வளவு பணம் செலவழித்தாலும் ஜெட்டைக் கெடுத்துவிடக்கூடும்.

முதலில் இந்தத் துவாரம் செய்யும் காரியத்தைக் கவனிப்போம். பெட்ரோல், ஆவியாகிக் காற்றோடு ஒரு குறிப்பிட்ட பிரமாணத்தில் கலந்த பின்னரே சிலிண்டருக்குள் ஒழுங்காக எரியும். எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. அதையே கொள்ளளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. இவ்வளவு ஏற்றத்தாழ்வான இரு பொருள்களை, வண்டி நின்றாலும் ஓடினாலும், மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும், விகிதம் அதிகம் மாறாமல் கலந்து கொடுப்பதே கார்புரேட்டரின் கடமை. கார்ல் பென்ஸ் தம்முடைய முதல் மோட்டார் வண்டியை 1886இல் வெளிக்கொணர்ந்தபோது, பெட்ரோலின் மேற்பரப்பிலிருந்து தானாக எழும் ஆவியையே காற்றோடு சேர்த்து யந்திரத்துக்கு அனுப்பினார். அம்முறையில் விகிதத்தைக் கட்டுப்படுத்துவது கடினம். 1893ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் தோனாத் பான்கி, யானோஷ் சோன்கா என்ற இருவரும், சிறு துவாரத்தின் வழியே பெட்ரோலைப் பீய்ச்சித் துளிகளாகச் சிதறச் செய்யும் அமைப்பை உருவாக்கினார்கள். நம் வண்டியில் இருப்பது அதன் வம்சத்தில் வந்ததே.

அதன் தத்துவமோ இன்னும் பழமையானது. ஓடும் திரவத்தின் வேகம் கூடும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது என்பதை 1738இல் டேனியல் பெர்னூலி தம் நூலில் விளக்கினார். குழாயின் குறுகிய கழுத்தில் இந்த விளைவு எப்படி வெளிப்படுகிறது என்பதை இத்தாலியரான வென்ச்சூரி 1797இல் தம் பரிசோதனைகளின் வாயிலாக எடுத்துக் காட்டினார். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியே விரைகிறது. விரைவதால் அங்கே அழுத்தம் தாழ்கிறது. கழுத்துக்குக் கீழே, ஃப்ளோட் என்னும் மிதவையால் மட்டம் மாறாமல் காக்கப்படும் பெட்ரோல் கிண்ணத்தின் மீதோ வெளிக்காற்றின் முழு அழுத்தமும் இருக்கிறது. யந்திரம் பெட்ரோலை உறிஞ்சுவதாக நாம் சொன்னாலும், வெளிக்காற்றே அதை ஜெட்டின் வழியாக மேலே தள்ளிக் கொடுக்கிறது. தள்ளும் அந்த விசை மிகச் சொற்பமானது. அதனால்தான் ஒரு சிறு தூசி போதும், பெட்ரோலின் பாதையை மறித்துவிட.

சாதாரண வண்டியின் கார்புரேட்டரில் பிரதானமாக இரண்டு ஜெட்டுகள் உண்டு. ஆக்ஸிலரேட்டரை நன்றாக முறுக்கும்போது பெட்ரோல் தருவது மெயின் ஜெட். முறுக்காமல் வண்டியை நின்ற இடத்தில் ஓடவிடும்போது தருவது ஸ்லோ ஜெட் என்றும் பைலட் ஜெட் என்றும் மெக்கானிக்குகள் சொல்லும் சிறிய ஜெட். நூறு சி.சி. வண்டி ஒன்று நிமிடத்துக்கு 1,400 சுற்று ஓடுகையில், நான்கு ஸ்ட்ரோக் யந்திரமாதலால், நிமிடத்துக்கு 700 முறை, அதாவது வினாடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மூச்சை இழுக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் வேண்டிய பெட்ரோல் மிக மிக அற்பம். அந்த அற்பத்தை அளந்து கொடுக்கும் துவாரம் எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்பதை ஜெட்டின் தலையில் பொறித்த எண்ணே காட்டும்: கெய்ஹின் கார்புரேட்டர்களில் 35 என்று பொறித்திருந்தால், துவாரத்தின் விட்டம் 0.35 மில்லிமீட்டர்.

இங்கே சிறிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது. துவாரத்தின் வழியே செல்லும் பெட்ரோலின் அளவு, துவாரத்தின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துவாரத்தின் உட்சுவரில் 0.02 மில்லிமீட்டர் கனத்துக்குப் பிசின் படிந்தால், 0.35 ஆக இருந்த விட்டம் 0.31 ஆகிறது, பரப்பு ஏறத்தாழ 22 சதவீதம் சுருங்கிவிடுகிறது. அதே கனமுள்ள படிவு 0.80 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெயின் ஜெட்டில் ஏற்பட்டாலோ நஷ்டம் 10 சதவீதம் அளவே. வேகமாக ஓட்டினால் நன்றாக ஓடும் வண்டி, சிக்னலில் நின்றவுடன் அணைந்துபோவதன் ரகசியம் இதுதான். சோக் போட்டால் ஓடுவதற்கும் காரணம் இதுவே: சோக் காற்றின் வழியை மறிப்பதால் உள்ளே அழுத்தம் மேலும் தாழ்ந்து, குறுகிப்போன துவாரத்தின் வழியாகவும் பெட்ரோல் ஓரளவு ஏறுகிறது.

இனி அடைக்கும் பதார்த்தங்களைப் பார்ப்போம். விஷயத்தின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது.

முதலாவது, பிசின். பெட்ரோல் ஒரே பொருளன்று. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் கச்சா எண்ணெயின் கனத்த பகுதிகளைச் சுத்திகரிப்பு ஆலையில் உடைக்கும்போது தோன்றும் ஓலிஃபின் வகைகள், காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேரும் சுபாவம் உடையவை. ஒரு மூலக்கூறு பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு பெராக்ஸைடாக மாற, அது அடுத்ததைத் தூண்ட, அது மற்றொன்றைத் தூண்ட, இவ்விதம் சங்கிலித் தொடராக நடைபெறும் ரஸாயன மாற்றத்தில் சிறு மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று பிணைந்து கனத்த பசையாகின்றன. இதைத் தடுக்க ஆலையிலேயே தற்காப்புப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். ஆனால் நாள்பட அவற்றின் சக்தி தீர்ந்துவிடும். ஃப்ளோட் கிண்ணம் சிறியது, காற்றோடு தொடர்புடையது, ஓடி நின்ற யந்திரத்தின் சூடு அதைத் தாக்குகிறது. இலேசான பகுதிகள் ஆவியாகிப் போக, பசையாகக்கூடியவை மட்டும் கெட்டிப்பட்டு அடியில் தங்குகின்றன. இம்மாற்றத்தைத் துரிதப்படுத்தும் உலோகங்களில் செம்பு முக்கியமானது. ஜெட்டோ செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. பழைய வார்னிஷின் நாற்றமும் தேன் நிறமும் இப்பிசினின் அடையாளங்கள்.

இரண்டாவது, நீரால் விளையும் களிம்பு. பெட்ரோலோடு எத்தனால் சேர்ப்பது நம் நாட்டில் படிப்படியாக வளர்ந்து, 2025ஆம் ஆண்டளவில் 20 சதவீதக் கலப்பு வழக்கத்துக்கு வந்துவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தைக் கவரும் குணமுடையது. கவர்ந்த ஈரம் ஒரு வரம்பைத் தாண்டினால், நீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து கிண்ணத்தின் அடியில், அதாவது ஜெட்டின் வாயருகிலேயே, தங்கிவிடும். அந்த நீர் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த கார்புரேட்டர் உடலை அரித்து வெள்ளைப் பொடியையும், பித்தளையை அரித்துப் பச்சைக் களிம்பையும் உண்டாக்குகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிக் கிடந்த வண்டிகளைப் போல வெளிநீர் நேராகவே உட்புகும் சந்தர்ப்பங்களில் இந்த அரிப்போடு சேறும் சேர்ந்துகொள்ளும். எத்தனாலைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். அது எரிவதற்குத் தன் எடையைப் போல் 9 மடங்கு காற்றே போதும். ஆகையால் 20 சதவீதக் கலப்புக்கு உகந்த விகிதம் 14.7இலிருந்து ஏறத்தாழ 13.5 ஆக இறங்குகிறது. பழைய ஜெட் முன்போலவே அளந்து கொடுக்குமானால், கலவை எட்டுச் சதவீதம் அளவுக்கு மெலிந்தே இருக்கும். அதன் மேல் சிறிது அடைப்பும் சேர்ந்தால், புதிதில் பொறுத்துக்கொண்டிருக்கக்கூடிய யந்திரம் இப்போது பொறுப்பதில்லை.

மூன்றாவது, டாங்கிலிருந்து வரும் துருவும் தூசியும். இதற்கு ரஸாயனம் வேண்டாம். கழுவுதலும் காற்றுமே போதும்.

வைத்தியத்தின் முதற்படிக்கு ஸ்குரூ டிரைவர் ஒன்றே செலவு. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் நீர் தனியே உருண்டு கிடந்தாலும், துரு படிந்திருந்தாலும், நிறம் கறுத்திருந்தாலும் நோய் எது என்பது தெரிந்துவிடும். புதுப் பெட்ரோலைக் கிண்ணத்தில் நிரப்பி மறுபடி வடித்து, இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்த மாத்திரத்திலேயே சில வண்டிகள் குணமடைந்துவிடும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பு வெடித்துக் காற்றை உள்ளே விட்டாலும் இதே அறிகுறிகள் தோன்றுமாதலால், கழற்றுவதற்கு முன் அதையும் பிளக்கையும் பார்த்துவிடுவது விவேகம்.

அதனால் பயனில்லையெனில் கழற்றத்தான் வேண்டும். வெட்டவெளியில், அடுப்பும் பீடியும் அண்டாத இடத்தில் உட்கார வேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். வெளிப்புற மண்ணை மண்ணெண்ணெயால் கழுவிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஏர் ஸ்குரூவைக் கழற்றுமுன், அதை மெல்ல உள்நோக்கித் திருகி, முட்டும் வரை எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ள வேண்டும். திரும்பப் பொருத்தும்போது அந்த எண்ணே வழிகாட்டி. ஜெட்டின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரைத்தான் உபயோகிக்க வேண்டும். பித்தளை மிருதுவானது, பொருந்தாத முனையால் ஒரு முறை வழுக்கினால் தலை சிதைந்து, பத்து நிமிஷ வேலை பட்டறை வேலையாகிவிடும். ரப்பர் வளையங்களையும் ஃப்ளோட்டையும் தனியே எடுத்து வைத்துவிடுவது அவசியம், ஏனெனில் பிசினைக் கரைக்கும் திரவங்கள் ரப்பரை ஊதச் செய்துவிடும்.

பிசினைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்துக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமடைவதற்குக் காரணம் உண்டு. பிராணவாயுவை ஏற்றுக்கொண்டதால் பிசினின் மூலக்கூறுகள், தாம் பிறந்த பெட்ரோலின் இயல்பிலிருந்தே விலகிவிட்டன. பெட்ரோல் அவற்றை முற்றாகக் கரைப்பதில்லை. பெயிண்டுக் கடையில் சிறு புட்டியாகக் கிடைக்கும் தின்னரில் டொலுவின், அசிட்டோன் முதலிய கரைப்பான்கள் கலந்திருக்கின்றன. அவை இப்பிசினைப் பற்றிக் கரைக்க வல்லவை. ஜெட்டுகளை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் இட்டு, அவை மூழ்குமளவு தின்னர் ஊற்றி, இரவு முழுவதும் மூடி வைத்தால் போதுமானது. பிளாஸ்டிக் கோப்பை கூடாது. அதுவே கரைந்து புதிய பிசினாகிவிடக்கூடும். மறுநாள் மீந்த திரவத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், தெளியவைத்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பச்சைக் களிம்புக்குத் தின்னர் பயன்படாது, ஏனெனில் அது உலோக உப்பு. பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கும் நம் வீட்டுப் பெண்களின் வழக்கம் இங்கே கைகொடுக்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும், செம்பின் ஆக்ஸைடுகளையும் களிம்பையும் கரைத்து உலோகத்தை வெளிக்கொணர்கின்றன. புளியின் நாரும் சக்கையுமே துவாரத்தை அடைத்துவிடும் அபாயம் இருப்பதால், எலுமிச்சைச் சாறே சிலாக்கியமானது. அதையும் மெல்லிய துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பான நீரில் கலந்து, பத்து நிமிஷம் ஊறவைத்தால் போதும். அதிக நேரம் விட்டால் அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிடும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, நல்ல நீரில் கழுவி, உடனே உலர்த்த வேண்டும். பிசினும் களிம்பும் சேர்ந்திருந்தால் தின்னரே முதலில். பிசின் மூடிய களிம்பை அமில நீர் தொடமுடியாது. கார்புரேட்டரின் உடலை மட்டும் எக்காரணம் கொண்டும் அமிலத்தில் போடாதீர்கள்.

இனி கம்பியின் விஷயம். பட்டறைகளில் நடைபெறும் தவறுகளில் என் மனத்தை மிகவும் வருத்துவது, கிளட்ச் கேபிளிலிருந்து உருவிய எஃகு இழையையோ தையல் ஊசியையோ ஜெட்டுக்குள் செலுத்திக் குடைவதுதான். மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் நிப்பிளை ஸ்டவ் பின்னைக் கொண்டு அடிக்கடி குத்திப் பெரிதாக்கியவர்கள், பின்னர் சுடர் மஞ்சளாகிப் பாத்திரமெல்லாம் கரி பிடித்ததை அறிவார்கள்; ஜெட்டிலும் அதுவே நேருகிறது. 0.35 மில்லிமீட்டர் துவாரம் 0.37 ஆக விரிந்தால், பெட்ரோலின் ஓட்டம் ஏறக்குறைய 12 சதவீதம் மிகுந்துவிடும். மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும். கீறல் விழுந்த விளிம்பும் ஓட்டத்தைக் குலைக்கும். அடைப்பு ஊறிய பின்னும் அகலாவிட்டால், வீட்டு மின்வயரிலுள்ள மெல்லிய செப்பு இழை ஒன்றை, 0.2 மில்லிமீட்டர் அளவில் உள்ளதாகத் தேர்ந்து, அழுத்தாமல் உள்ளே விட்டு எடுக்கலாம். செம்பு பித்தளையைவிட மிருதுவாதலால் தான் மடங்குமேயன்றித் துவாரத்தைக் கீறாது. பல் துலக்கும் பிரஷ்ஷின் நைலான் மயிரும் இதற்கு உதவும்.

ஜெட்டுகள் திருகப்பட்டிருந்த உடலின் வழிகளிலும் பிசின் இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஜெட்டை மட்டும் துலக்கிவிட்டு வழியைத் துலக்காதவர்களின் வண்டி மறுநாளே பழைய கதையைச் சொல்லும். ஒவ்வொரு வழியிலும் தின்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்து, பிறகு காற்றைச் செலுத்த வேண்டும். சைக்கிள் பம்பே ஓரளவு போதும். பஞ்சர் கடையின் கம்ப்ரஸர் கிடைத்தால் மேலும் நன்று. அப்போது கண்களைக் காத்துக்கொண்டு, ஜெட்டைத் துணியில் பற்றிக்கொள்ளுங்கள். கைநழுவினால் தெறித்துத் தெருவில் மறைந்துவிடும். வாயால் ஊதுவது கூடாது. மெயின் ஜெட்டின் மேலுள்ள குழலின் பக்கவாட்டில் இருக்கும் நுண்துளைகளுக்கும் இதே சுத்தம் தேவை. முடிவில் ஜெட்டை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், பிசிறில்லாத முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும்.

நுண்ணொலி அலைகளால் நீரில் குமிழிகளை எழுப்பி, அவை வெடித்தடங்கும் விசையால் அழுக்கை நீக்கும் பாத்திரங்களும் இப்போது சிறிய அளவில் கிடைக்கின்றன. நகைக்கடைகளில் உபயோகிக்கும் வகையே அது. பல வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு அது நல்ல முதலீடு. ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு அநாவசியம்.

எல்லாம் செய்த பின்னும் ஜெட்டின் விளிம்பு அரித்திருப்பதாகவோ துவாரம் கோணியிருப்பதாகவோ கண்டால், அதே எண் பொறித்த புதிய ஜெட்டை வாங்கிப் போட்டுவிடுவதே உத்தமம். கெட்ட ஜெட்டால் மாதந்தோறும் வீணாகும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பமே. எண் தெரியாமல் பெரியதைப் போட்டால் வண்டி இழுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெட்ரோல் குழாயில் ஒரு சிறு வடிகட்டியைப் பொருத்துங்கள். டாங்கில் துரு இருந்தால் அதைக் கழுவாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவுவதில் பிரயோஜனம் இல்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் வண்டியை நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால், டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்திலுள்ள பெட்ரோல் தீர்ந்து யந்திரம் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். எஞ்சியதை வடிகால் திருகின் வழியே வடித்துவிடுங்கள். காலியான கிண்ணத்தில் பிசின் உண்டாவதற்கு ஒன்றுமில்லை.